ஒரிகன் டிரெயில் (உரைவழி விளையாட்டு)

ஒரிகன் டிரெயில் என்பது 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மூன்று பயிற்சி ஆசிரியர்கள் உருவாக்கிய கணினி விளையாட்டு ஆகும். தொடக்கத்தில் இதில் படமோ நிறமோ இசையோ இல்லை. கணினி சில வரிகளை அச்சிட்டுக் கேள்வி கேட்கும். விளையாடுபவர் ஓர் எண்ணையோ சொல்லையோ தட்டச்சு செய்து விடையளிப்பார். அந்த விடையைக் கொண்டு கதை அடுத்த கட்டத்துக்கு நகரும். 19ஆம் நூற்றாண்டில் கூண்டு வண்டியில் மேற்கு நோக்கிச் சென்ற ஒரு குடும்பத்தை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதே விளையாட்டின் நோக்கம்.

விளையாடுபவரின் தெரிவுகளுக்கு ஏற்பக் கதை மாறும் உரைவழி விளையாட்டுகளில், உயிர் பிழைத்தலை மையமாகக் கொண்டவற்றுக்கு இது முன்னோடிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. வகுப்பறைக்காகவே எழுதப்பட்ட இவ்விளையாட்டு, பின்னர் பல பதிப்புகளாக வளர்ந்து கோடிக்கணக்கான பிரதிகள் விற்பனையானது. 2016ஆம் ஆண்டு உலக நிகழ்பட விளையாட்டுப் புகழ் மன்றத்தில் இது சேர்க்கப்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

ஒரிகன் தடம் என்பது மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்சு நகரிலிருந்து பசிபிக் பெருங்கடலை ஒட்டிய ஒரிகன் பகுதி வரை சென்ற வண்டிப்பாதை ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 2,000 மைல், அதாவது சுமார் 3,200 கிலோமீட்டர். 1840கள் முதல் 1860கள் வரை இப்பாதை பெரிதும் பயன்பட்டது. இதனையும் இதிலிருந்து கிளை பிரிந்த பாதைகளையும் சேர்த்து 3 முதல் 4 இலட்சம் பேர் வரை பயன்படுத்தியிருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். 1869இல் கண்டத்தின் குறுக்கே தொடர்வண்டிப் பாதை நிறைவு பெற்றதும் இதன் பயன்பாடு குறைந்தது.

பயணம் ஐந்து அல்லது ஆறு மாதம் நீடிக்கும். இளவேனிலில் புல் முளைத்த பிறகே புறப்பட முடியும். அதற்கு முன் சென்றால் மாடுகளுக்குத் தீவனம் கிடைக்காது. தாமதமாகப் புறப்பட்டாலோ மலைகளைக் கடப்பதற்குள் பனி விழத் தொடங்கிவிடும். பயணிகளின் உயிரை மிகுதியாகப் பறித்தது காலரா முதலிய நோய்களே. ஆற்றைக் கடக்கையில் மூழ்குதல், வண்டிச் சக்கரத்தில் சிக்குதல், துப்பாக்கி தவறுதலாக வெடித்தல் ஆகியவையும் பலரைக் கொன்றன. திரைப்படங்கள் பெரிதாகக் காட்டும் பூர்வகுடியினரின் தாக்குதலால் இறந்தோர் இவற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சிலரே.

தோற்றம்

1971இல் கார்ல்டன் கல்லூரியின் இறுதியாண்டு மாணவரான டான் ராவிட்சு, மினியாபொலிசு நகரின் ஜோர்டான் இளநிலை உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராக எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பித்து வந்தார். மேற்கு நோக்கிய குடியேற்றம் பற்றிய பாடத்தை மாணவர் ஈடுபாட்டோடு படிக்க வேண்டும் என எண்ணிய அவர், பெரிய தாளில் நிலப்படம் வரைந்து பகடையும் சீட்டுகளும் கொண்டு விளையாடும் பலகை விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டார்.

அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த பில் ஐனமான், பால் டில்லன்பெர்கர் ஆகிய இருவரும் கணிதப் பயிற்சி ஆசிரியர்கள். கணினி நிரல் எழுதவும் அறிந்தவர்கள். பகடை உருட்டுவதையும் கணக்கு வைப்பதையும் கணினியிடம் ஒப்படைத்தால் விளையாட்டு விரைவாகவும் சுவையாகவும் அமையும் என ஐனமான் கூறினார். பாடம் தொடங்க இரண்டு வாரமே இருந்தது. அதற்குள் மூவரும் பேசிக் மொழியில் நிரலை எழுதி முடித்தனர்.

அக்காலத்தில் பள்ளியில் கணினி இருப்பதில்லை. மினியாபொலிசு பள்ளிகளில் இருந்தது தொலைதட்டச்சு இயந்திரம் மட்டுமே. அது தொலைபேசி இணைப்பு வழியாக வேறிடத்தில் இருந்த ஹியூலெட் பேக்கார்டு சிறுகணினியுடன் பேசும். திரை கிடையாது, விடைகள் தாள் சுருளில் அச்சாகி வரும். அத்தகைய இயந்திரங்கள் நொடிக்குச் சுமார் 10 எழுத்துகளே அச்சிட்டன. ஆகவே ஒவ்வொரு வரியும் எழுத்து எழுத்தாக வெளிப்படும்போது, அடுத்து வருவது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என மாணவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

1971 டிசம்பர் 3 அன்று விளையாட்டு முதன்முதலாக வகுப்பறைக்கு வந்தது. இயந்திரம் ஒன்றே என்பதால் மாணவர்கள் குழுவாகவே விளையாடினர். வேகமாகத் தட்டச்சு செய்பவர் விசைப்பலகையிலும், கணக்கில் வல்லவர் பணத்தைக் கவனிப்பதிலும், மற்றொருவர் நிலப்படத்தைப் பார்ப்பதிலும் என வேலையைத் தாங்களே பிரித்துக்கொண்டனர். பள்ளி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இயந்திரத்தின் முன் வரிசை நின்றது.

அழிந்து மீண்ட நிரல்

பயிற்சிக் காலம் முடிந்ததும் ராவிட்சு நிரலைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, கணினியிலிருந்து நீக்கிவிட்டார். சுமார் 800 வரிகள் கொண்ட அந்த அச்சுப்படி இல்லாதிருந்தால் விளையாட்டு அத்துடன் மறைந்திருக்கும்.

1973இல் மினசோட்டா அரசு, பள்ளிகளுக்குக் கணினி வசதி அளிப்பதற்காக மினசோட்டா கல்விக் கணினிக் கூட்டமைப்பு என்னும் நிறுவனத்தை அமைத்தது. 1974இல் அங்குப் பணியில் சேர்ந்த ராவிட்சு, நண்பர்கள் இருவரின் இசைவைப் பெற்று, நன்றி நவிலல் விடுமுறை நாள்களில் பழைய அச்சுப்படியைப் பார்த்து நிரலை மீண்டும் தட்டச்சு செய்தார்.

இம்முறை அவர் முக்கியமான திருத்தம் ஒன்றைச் செய்தார். முதல் பதிப்பில் இடையூறுகள் நேரும் வாய்ப்பு பெரும்பாலும் ஊகத்தால் வைக்கப்பட்டிருந்தது. மெய்யான பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடையூறு எத்தனை முறை நேர்ந்தது எனக் கணக்கிட்டு, அதற்கேற்ப நிரலின் எண்களை மாற்றினார். பூர்வகுடியினர் பயணிகளுக்கு உதவிய நிகழ்ச்சிகள் நாட்குறிப்புகளில் பதிவாகியிருப்பதைக் கண்டு அதனையும் விளையாட்டில் சேர்த்தார். 1975இல் மினசோட்டா பள்ளிகள் அனைத்தும் கூட்டமைப்பின் வலையமைப்பு வழியாக இதனை விளையாட வழி பிறந்தது. 1978இல் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' இதழ் முழு மூலநிரலையும் வெளியிட்டது.

விளையாடும் முறை

1978இல் வெளியான நிரலின்படி கதை 1847 மார்ச் 29 அன்று தொடங்குகிறது. ஐவர் கொண்ட குடும்பம் 2,040 மைல் செல்ல வேண்டும். கையில் இருந்த 900 டாலரில் வண்டிக்கு 200 டாலர் போய்விட்டது. மீதம் 700 டாலர். இதனைக் காளைகள், உணவு, தோட்டாக்கள், உடை, மருந்து முதலிய பிற பொருள்கள் என ஐந்து வகையாகப் பிரித்துச் செலவிட வேண்டும். எஞ்சும் பணத்தை வழிச்செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சுற்றும் இரண்டு வார காலத்தைக் குறிக்கும். சுற்றின் தொடக்கத்தில் கையிருப்பும் கடந்த தொலைவும் அச்சாகும். பின்னர் விளையாடுபவர் முடிவெடுக்க வேண்டும்.

முதலாவது, வேட்டைக்குச் செல்வதா, நேரே பயணத்தைத் தொடர்வதா என்பது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கோட்டையில் நின்று பொருள் வாங்கும் வாய்ப்பும் கிடைக்கும். கோட்டையில் விலை அதிகம். செலவிடும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்புள்ள பொருளே கிடைக்கும். வேட்டைக்கோ கோட்டைக்கோ சென்றால் 45 மைல் தொலைவு இழப்பாகும்.

இரண்டாவது, குடும்பம் குறைவாக உண்பதா, அளவாக உண்பதா, நன்றாக உண்பதா என்பது.

மூன்றாவது, எதிரில் குதிரை வீரர்கள் தென்பட்டால் ஓடுவதா, தாக்குவதா, பொருட்படுத்தாமல் செல்வதா, வண்டிகளை வட்டமாக நிறுத்திக் காத்துக்கொள்வதா என்பது. அவர்கள் பகைவராகத் தோன்றுகிறார்களா இல்லையா என்பதை நிரல் சொல்லும். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை அந்தத் தோற்றம் பொய்யாக இருக்கும்.

வேட்டை முறை தனித்தன்மை உடையது. துப்பாக்கி வெடிக்கும் ஓசையைக் குறிக்கும் 'பேங்' போன்ற சொல்லைப் பிழையின்றி விரைந்து தட்டச்சு செய்ய வேண்டும். எத்தனை நொடி ஆகிறது எனக் கணினி அளந்து, அதற்கேற்ப இறைச்சி கிடைத்ததா இல்லையா என முடிவு செய்யும். சொல்லைப் பிழையாகத் தட்டினால் குறி தவறும். விளையாட்டின் தொடக்கத்தில் சுடுவதில் எவ்வளவு வல்லவர் என்று ஒரு கேள்வி உண்டு. மிக வல்லவர் எனக் கூறிக்கொள்பவர் அதற்கேற்ப மிக விரைவாகத் தட்ட வேண்டியிருக்கும். தோட்டா 40க்குக் குறைந்தால் வேட்டை இல்லை.

தெரிவுகள் கதையை மாற்றும் விதம்

விளையாடுபவருக்கு இது ஒரு கதையாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது எளிய கணக்கு ஆகும். சில விதிகளைப் பார்த்தாலே அது விளங்கும்.

காளைகளுக்கு 200 முதல் 300 டாலர் வரை செலவிடலாம். ஒரு சுற்றில் செல்லும் தொலைவு ஏறத்தாழ 200 மைல். காளைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்றுக்கு ஒரு மைல் மிகும். எனவே 300 டாலர் கொடுத்தவர் 200 டாலர் கொடுத்தவரைவிடச் சுற்றுக்கு 20 மைல் முந்துவார். பத்துச் சுற்றில் இது 200 மைல் ஆகும். அதாவது இரண்டு வாரம் மிச்சம்.

உணவுக்கும் இதுபோன்ற விதி உண்டு. குறைவாக உண்டால் சுற்றுக்கு 13 டாலர் மதிப்புள்ள உணவு தீரும். அளவாக உண்டால் 18 டாலர், நன்றாக உண்டால் 23 டாலர். பத்துச் சுற்றுக்குக் கணக்கிட்டால் நன்றாக உண்பதற்கும் குறைவாக உண்பதற்கும் உள்ள வேறுபாடு 100 டாலர். காளைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கக்கூடியதும் அதே 100 டாலர்தான். விரைவாகச் செல்வதா, வயிறார உண்பதா என்னும் கேள்வி இவ்வாறு எண்களின் வழியாகவே பிறக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் நேரும் நிகழ்ச்சியைச் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். நூற்றுக்கு 6 பங்கு வண்டி பழுதடையலாம். ஆற்றைக் கடக்கையில் பொருள் நனைவதற்கு 10 பங்கு, காட்டு விலங்குகள் தாக்குவதற்கு 10 பங்கு, நஞ்சுள்ள பாம்பு கடிப்பதற்கு 2 பங்கு வாய்ப்பு உண்டு. பூர்வகுடியினர் உணவு இருக்கும் இடத்தைக் காட்டி உதவ 5 பங்கு வாய்ப்பு. இவற்றுள் மிகப் பெரிய பங்கு நோய்க்கு உரியது, அது 26.

நோய்க்கான எண் விழுந்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. குறைவாக உண்ட குடும்பத்துக்கு அது உறுதி. அளவாக உண்டவர்களுக்கு நான்கில் மூன்று பங்கு, நன்றாக உண்டவர்களுக்குப் பாதி மட்டுமே வாய்ப்பு. நோயின் கடுமையும் உணவைப் பொறுத்தே அமையும். நோய் கடுமையானால் 20 டாலர் கொடுத்து மருத்துவரை அழைக்க வேண்டும். அந்தப் பணம் இல்லாவிட்டால் கதை முடிந்துவிடும்.

தெரிவின் விளைவு உடனே தெரியாது என்பதே இவ்விளையாட்டின் சிறப்பு. மார்ச்சு மாதத்தில் உடைக்குக் காசு குறைத்தவர் அதை மறந்தே போயிருப்பார். சுமார் 950 மைலுக்குப் பிறகு மலைப்பகுதியில் குளிர் தாக்கும்போதுதான் போதிய உடை உண்டா என நிரல் பார்க்கும். அதேபோல் வேட்டையிலும் கோட்டையிலும் பலமுறை நேரத்தைச் செலவிட்டு டிசம்பர் 20 வரை சென்று சேராதவர்களின் குடும்பம் முதல் பனிப்புயலில் மடியும்.

இறப்பையும் நிரல் எளிதில் விட்டுவிடுவதில்லை. பாதிரியார் வேண்டுமா, சிறப்பான அடக்கம் வேண்டுமா, உறவினருக்குத் தெரிவிக்கவா எனக் கேள்விகள் தொடரும். உயிரோடு ஒரிகன் சேர்ந்தவர்களுக்கு அக்காலக் குடியரசுத் தலைவர் ஜேம்சு போல்க் பெயரில் வாழ்த்து அச்சாகும்.

முன்னும் பின்னும் தோன்றியவை

எழுத்தால் ஆன விளையாட்டைப் பாடத்துக்குப் பயன்படுத்தும் எண்ணம் இதற்கு முன்பே இருந்தது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியை மேபல் ஆடிசு 1960களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் நிரலாளர் வில்லியம் மெக்கேயுடன் சேர்ந்து 'சுமேரியன் கேம்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். மாணவர்கள் பண்டைய சுமேரியாவின் ஆட்சியாளராக இருந்து, விதைக்க எவ்வளவு, மக்களுக்கு உணவாக எவ்வளவு, சேமிக்க எவ்வளவு எனத் தானியத்தைப் பங்கிட வேண்டும்.

1976இல் வில் குரோதர் எழுதி, 1977இல் டான் வுட்சு விரிவாக்கிய 'அட்வென்ச்சர்' என்னும் குகை விளையாட்டு வேறு வழியில் சென்றது. அதில் எண்ணுக்குப் பதிலாக 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்பன போன்ற கட்டளைகளைத் தட்டச்சு செய்தனர். அச்சு நூலில் எட்வர்டு பேக்கர்டு முதலியோர் எழுதிய, வாசகரே அடுத்த பக்கத்தைத் தெரிந்தெடுக்கும் கதைகள் 1970களின் இறுதியில் புகழ் பெற்றன.

கட்டளை வகையில் புதிரை அவிழ்ப்பதும், தெரிவு வகையில் கதை கிளை பிரிவதும் முதன்மையானவை. ஒரிகன் டிரெயில் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இதில் கதையின் பாதை ஒன்றே, மாறுவது கையிருப்பு. குறைந்துவரும் பொருளும் ஓடும் நாள்களும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் வேறு கதையைத் தருகின்றன. 2013இல் வெளிவந்த 'எ டார்க் ரூம்' போன்ற பிற்கால எழுத்து விளையாட்டுகளிலும் கையிருப்பைப் பேணிப் பிழைக்கும் முறையைக் காணலாம். 2009இல் கிறிசு கிளிமாசு வெளியிட்ட 'டுவைன்' என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, நிரலாக்கம் அறியாத மாணவர்களும் இன்று கிளைக்கதைகளை உருவாக்க முடிகிறது.

பிற்காலப் பதிப்புகள்

1985இல் பிலிப் பூச்சார்டு தலைமையிலான குழு ஆப்பிள் 2 கணினிக்காகப் படங்களுடன் கூடிய புதிய பதிப்பை உருவாக்கியது. பெரும்பாலோர் நினைவில் நிற்பது இதுவே. இதில் குடும்பத்தினர் ஐவருக்கும் பெயர் சூட்டலாம். வங்கியாளர், தச்சர், உழவர் ஆகிய மூவரில் ஒருவராகப் புறப்படலாம். வங்கியாளருக்கு 1,600 டாலர், தச்சருக்கு 800 டாலர், உழவருக்கு 400 டாலர் கிடைக்கும். குறைந்த பணத்தோடு கடினமான பயணத்தை முடிப்பதால் தச்சருக்கு இரு மடங்கும் உழவருக்கு மும்மடங்கும் மதிப்பெண் உண்டு. இறந்தவரின் கல்லறையில் விளையாடுபவர் சில சொற்களை எழுதிவைக்கலாம். அதே வட்டில் அடுத்து விளையாடுபவர் அவ்வழியே செல்லும்போது அதனைக் காண்பார். பெயர் சூட்டிய ஒருவர் சீதபேதியால் இறந்தார் என்னும் அறிவிப்பு, ஒரு தலைமுறை அமெரிக்க மாணவர்களிடையே வேடிக்கைத் தொடராகவே நிலைத்துவிட்டது.

விளையாட்டின் விற்பனையிலிருந்து அதனை முதலில் உருவாக்கிய மூவருக்கும் பங்குத்தொகை எதுவும் கிடைக்கவில்லை.

திறனாய்வு

விளையாடுபவர் தெரிந்தெடுக்கலாம் என்றாலும், எவற்றிலிருந்து தெரிந்தெடுப்பது என்பதை நிரலை எழுதியவரே முடிவு செய்கிறார். ஒரிகன் டிரெயில் மீதான முதன்மையான திறனாய்வு இதனை ஒட்டியே எழுந்தது. விளையாடுபவர் எப்போதும் வண்டியில் அமர்ந்திருக்கும் குடியேறியாகவே இருக்கிறார். வண்டி கடந்து செல்லும் நிலம் யாருக்கு உரியது என்னும் கேள்வி எந்தச் சுற்றிலும் எழுவதில்லை.

வரலாற்றில் அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. விளையாட்டில் நோய் பயணிகளைத் தாக்குகிறது. மெய்யான பயணத்தில் நோய் பயணிகளோடு சேர்ந்தும் சென்றது. விளையாட்டு நடைபெறும் அதே 1847ஆம் ஆண்டில் ஒரிகன் பகுதியில் பரவிய தட்டம்மையால் கேயூசு பூர்வகுடி மக்களில் பெரும் பகுதியினர் மாண்டனர். அந்நோய்க்கு அவர்களிடம் எதிர்ப்பாற்றல் இல்லை. 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நிலக்கொடைச் சட்டம், மணமாகாத வெள்ளையினக் குடியேறிக்கு 320 ஏக்கரும் மணமான இணையருக்கு 640 ஏக்கரும் வழங்கியது. விளையாட்டில் வெற்றி எனப்படும் இடத்தில், மற்றொரு மக்களின் இழப்பு தொடங்குகிறது.

இக்குறையைக் களையும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2019இல் வெளியான 'வென் ரிவர்சு வேர் டிரெயில்சு' என்னும் விளையாட்டில், 1890களில் மினசோட்டாவில் தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அனிசினாபே பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவராகக் கலிபோர்னியா வரை செல்ல வேண்டும். இதன் கதைப்பகுதிகளைப் பூர்வகுடி எழுத்தாளர்கள் பலர் எழுதினர். ஒரிகன் டிரெயிலின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பும் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களின் ஆலோசனையுடன் உருவாக்கப்பட்டு, பூர்வகுடி மாந்தர்களாக விளையாடும் வாய்ப்பை அளித்தது.

கல்விப் பயன்

பாடநூலில் 'பயணம் கடினமானது' என ஒரு வரியில் முடியும் செய்தியை, மாணவர் தம் முடிவின் விளைவாக உணர்வது இவ்வகை விளையாட்டின் முதற்பயன். பட்ஜெட் போடுதல், நிகழ்தகவு, குழுவாக முடிவெடுத்தல் ஆகியவற்றுக்கும் இது பயிற்சி தருகிறது. மூலநிரல் குறுகியதும் எளியதுமாக இருப்பதால், நிரலாக்கம் கற்பவர்கள் அதனை வரி வரியாகப் படித்து, எண்களை மாற்றிப் பார்த்து, கதை எப்படி மாறுகிறது என ஆராயலாம்.

அதே வேளையில் விளையாட்டு வரலாறு ஆகாது. அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒருவர் எடுத்த முடிவு. நிகழ்ச்சிகளின் வாய்ப்பை முதலில் ஊகித்து எழுதியதும், பின்னர் நாட்குறிப்புகளைப் படித்துத் திருத்தியதும் அதே ராவிட்சுதான். அந்த நாட்குறிப்புகளை எழுதியவர்களும் குடியேறிகளே. எனவே வகுப்பில் இதனைப் பயன்படுத்தும்போது, 'எப்படி வெல்வது?' என்பதோடு 'இந்த விதியை எழுதியவர் எதைப் படித்தார், எதைப் படிக்கவில்லை?' என்பதையும் மாணவர்கள் கேட்குமாறு செய்வது பயனுடையது.